இங்கிலீஷில் போட்ட பத்துக் கையெழுத்து

வங்கியில் யாராவது "இங்கிலீஷ்ல கையெழுத்துப் போடுங்க" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் நடுவில் நான் பட்ட பாடு அப்படி.

அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் தமிழாசிரியராக இருந்தேன். தங்கையைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை. பெயர் வைக்கிற அன்று தாய்மாமன் தன் காசில் வாங்கிய தங்கச் சங்கிலியைப் பிள்ளை கழுத்தில் போட வேண்டும். அதில் குறை வைத்தால் புகுந்த வீட்டில் பேச்சு வாங்கப் போவது நானல்ல, அவள். நகையை இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாம் என்றால், விமான நிலையத்தில் தகராறு வரும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று மூன்று வருஷச் சேமிப்போடு திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன்.

வெளிநாட்டுப் பணம் தருகிற அந்த வங்கிக் கிளைக்கு மூன்று நடை. முதல் நாள் அதிகாரி லீவு. இரண்டாம் நாள் படிவம் தீர்ந்துவிட்டது. ஏதோ அவர்கள் வீட்டுப் பணத்தை நான் கேட்டுப் போனது மாதிரி ஒரு முகம். மூன்றாம் நாள், நோட்டாகக் கொஞ்சம்தான் தர முடியும், மீதிக்கு டிராவலர்ஸ் செக் என்று பத்துத் தாள்களை நீட்டினார் கிளார்க். ஒவ்வொன்றிலும் இப்போது ஒரு கையெழுத்து. அங்கே மாற்றும்போது அவர்கள் கண்ணெதிரே இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால் பணம்.

நான் பேனாவைத் திறந்து தமிழில் எழுத ஆரம்பித்தேன். மனிதர் பதறிப்போய்த் தாளை இழுத்துக்கொண்டார்.

"சார்வாள், என்ன செய்யுதிய? டாலரு செக்குல தமிழா? அங்கன எவன் வாசிப்பான்? இங்கிலீசுல போடுங்க."

"பாஸ்போர்ட்லயே தமிழ்லதான் போட்டிருக்கேன்."

"அது நம்ம கவர்மெண்டு. இது டாலருல்லா?"

வருகைப் பதிவேட்டில் இருபது வருஷமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டவன் நான். அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆனால் எனக்குப் பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. மறுபடி ஒரு நடை வரப் பயம். போட்டேன். பழக்கமில்லாத கை, பத்தும் பத்து விதமாக விழுந்தன. "பைய போடுங்க, அவசரமில்ல" என்று அவர் பெருந்தன்மை வேறு காட்டினார்.

சிங்கப்பூரில் தங்கை மாப்பிள்ளைதான் வங்கிக்குக் கூட்டிப் போனார். கவுண்டரில் இருந்த சீனப் பெண்ணுக்கு எதிரே முதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். அது மேலே இருந்ததோடு சேரவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். அதிலிருந்தது வேறு எழுத்து. செக்கில் ஏன் தமிழில் போடவில்லை, எங்களிடம் எத்தனையோ பேர் தமிழில் போடுகிறார்களே என்று கேட்டாள். மாப்பிள்ளை அதைத் தமிழில் எனக்குச் சொன்னபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பத்துத் தாளையும் அப்படியே திருப்பித் தந்துவிட்டாள். அந்த ஊர்ச் சில்லறைக் காசில்கூட "சிங்கப்பூர்" என்று தமிழில் அடித்திருக்கிறது. எவன் வாசிப்பானாம்!

விடிந்தால் பெயர் வைக்கிற நாள். கையிலிருந்த நோட்டுகளுக்குச் சங்கிலியின் கொக்கிகூட வராது. நகைக்கடையில் மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். "மச்சான், நமக்குள்ள என்ன?" என்றார். கடைக்காரர் அதை இயந்திரத்தில் வைத்து இழுத்துச் சீட்டை நீட்டினார். மாப்பிள்ளை தமிழில் கையெழுத்துப் போட்டார். கடைக்காரர் கார்டின் முதுகிலிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். மூன்று தலைமுறைக்கு முன்னால் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஏரலிலிருந்து கப்பலேறிய குடும்பம் மாப்பிள்ளையுடையது. ஊரை விட்டுப் போனவர் தமிழில் போடுகிறார். ஊரிலேயே தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன் இங்கிலீஷில் கிறுக்கிவிட்டு நிற்கிறேன்.

மறுநாள் பிள்ளையை என் மடியில் வைத்துச் சங்கிலியைப் போடச் சொன்னார்கள். போட்டேன். தங்கையின் மாமியார் எல்லோரும் கேட்கும்படி, "தாய்மாமன்னா இப்படில்லா இருக்கணும்" என்றார். தங்கை என்னைப் பார்க்காமல் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சங்கிலி யார் காசு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாராட்டைவிட நாலு வசவு விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துச் செக்குகளை அதே கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே கிளார்க். அவர் முன்னால் மீதி ஒன்பது தாளிலும் மறுபடி இங்கிலீஷில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. "நம்மூருதான, பரவால்ல" என்று முத்திரை குத்தினார். நடந்ததை அவரிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ரூபாயை என் பக்கம் தள்ளினார்.

"முழுப் பணமும் வந்துட்டுல்லா சார்வாள்? உங்களுக்கு என்ன நட்டம்?"

"என் தங்கச்சி பிள்ளைக்கு அவங்க அப்பனே தாய்மாமனா நின்னுட்டாருய்யா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "மாப்பிள்ளைக்குத் திருப்பிக் குடுத்துட்டா முடிஞ்சிதுல்லா" என்றார். பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்று நான் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தேன். வேண்டவே வேண்டாம் என்று மாப்பிள்ளை பதில் போட்டிருந்தார்.