ஐந்தரைக்கு முன் வந்தவள்

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். தொழிலாளர்கள் வாசலில் விரல் வைத்ததும் வந்த நேரம் பதிவாகும். அந்த வருகைப் பதிவுப் புரோகிராமை எழுதியவன் நான்.

அன்று காலை ஏழு மணிக்கு வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. அலுவலகக் கண்ணாடி என் முகத்தில் சிதறியது. ஓடிப்போய்ப் பார்த்தேன், மூன்று அறைகள் தரைமட்டம். கைத்தோல் உரிந்து தொங்க, ஒருவர் சத்தமே இல்லாமல் என்னைக் கடந்து நடந்தார்.

"உள்ள எத்தனை பேரு?" என்று கேட்டார் தீயணைப்பு அதிகாரி. செல்போனில் இன்றைய பட்டியலை எடுத்தேன். அந்த அறைகளில் ஏழு பேர். ஏழு பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், மூவரைப் பிணமாக. பக்கத்து அறையிலும் மருந்து இருந்ததால், அவர் தன் ஆட்களைப் பின்வாங்கச் சொன்னார்.

அப்போது, ஆனைக்குட்டத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருத்தியின் புருஷன் ஓடிவந்தார். "எம் பொஞ்சாதி எங்கலே?"

"அவங்க இன்னைக்கு வரல, அண்ணாச்சி. லிஸ்ட்ல இல்ல."

கன்னத்தில் அவர் விட்ட அறையில் கீழே விழுந்தேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குத்தினார். பல் உடைந்தது. "நாந்தாம்லே வண்டியில கொண்டாந்து விட்டேன்! அஞ்சு மணிக்கு!"

அஞ்சு மணி. அப்போதுதான் என் தப்பு புரிந்தது. சர்வரில் இருப்பது கிரீன்விச் உலக நேரம்; நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் காலை ஐந்து, சர்வருக்கு முந்தைய நாள் இரவு பதினொன்றரை. இந்திய நேரத்துக்கு மாற்றாமலே 'இன்று' வந்தவர்களின் பட்டியலை எடுக்கும்படி எழுதியிருந்தேன். மற்றவர்கள் ஆறுக்கு வருபவர்கள். சீசன் ஆர்டருக்காக அவள் மட்டும் முன்னதாக வந்து, நேற்றைய கணக்கில் போய்விட்டாள்.

"சார், இன்னும் ஒரு ஆளு உள்ள இருக்கு!" ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினேன்.

தடுத்தவர்களைத் தள்ளிவிட்டு முதலில் உள்ளே பாய்ந்தது அவள் புருஷன்தான். இடிந்த சுவரின் கீழ் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் அவளுடைய ஒரு காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

புரோகிராமை அன்றே திருத்தினேன். மறு வாரம் மருத்துவமனைக்குப் போய், தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். நேரக் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, நான் ஒன்ன நம்பி, அடிக்காம இருந்திருந்தா?"

"செத்திருப்பாங்க, அண்ணாச்சி."

என் உடைந்த பல்லையே பார்த்தார். பிறகு கஞ்சித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனார். என்னைக் கூப்பிடவில்லை.