எனெலேசி போட்ட உப்பு

எங்கள் ன்டிராண்டே மேட்டுக் குடியிருப்பில் எனெலேசி ஒரு சந்துக்குள் நுழைந்தால் எல்லா வீட்டு வாசலிலும் நிற்பாள். ஒரு வீட்டில் அடுப்புக்கு நெருப்புக் கேட்பாள், ஒரு வீட்டில் கோழி என்ன விலை என்பாள், இன்னொன்றில் சும்மா வம்பளப்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைப்பார்கள். வேலைதான் அது. அந்த வீடுகளில் ஏதோ ஒன்றில் டி.பி. இருக்கும். எது என்று வெளியே தெரிந்தால் வீட்டுக்காரன் குடியிருப்பவனைச் சட்டிபானையோடு தெருவில் தள்ளிவிடுவான். அதற்காகத்தான் ஊர் முழுக்க வம்பு. தலையில் கூடை, மேலே கீரை, அடியில் சளி டப்பாக்கள். அவற்றோடு மேட்டிலிருந்து இறங்கி சுகாதார நிலையத்துக்கு நடப்பாள். முடிவு வந்ததும் மறுபடி எல்லா வாசலிலும் நின்று ஒரே ஒரு வாசலில் மட்டும் விஷயத்தைச் சொல்வாள்.

சம்பளம் கிடையாது. தொண்டராம். ஒரு தடவை வெளிநாட்டுத் திட்டக்காரர்கள் வந்து, முதுகில் நுரையீரல் படம் போட்ட மஞ்சள் பனியன் ஒன்றைக் கொடுத்து, அதோடு அவளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போனா எவ கதவத் திறப்பா? இவனுங்க புத்தியில இடி விழ!" என்றாள் எனெலேசி. பனியனைத் தரை துடைக்க வைத்துக்கொண்டாள். கொடுத்தவர்களைவிட அந்தத் துணி நன்றாகவே உழைத்தது.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. கரி விற்கிறவள். கரித்தூசியில் எனக்கும் இருமல் உண்டு, என் சளியைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை.

அவளை இந்த வேலையில் இறக்கியது உப்பு. எங்கள் ஜனங்களில் கர்ப்பம் கலைந்த பெண் குழம்பில் உப்புப் போடக்கூடாது. உரிய காலம் கழிகிறவரை ஒரு சின்னக் குழந்தையோ, வயதாகித் தீட்டு நின்றுபோனவளோ வந்துதான் போடவேண்டும். மீறிப் போட்டால் அதைச் சாப்பிட்ட புருஷன் இருமி, உருகி, செத்துப்போவான் என்பார்கள். எனெலேசிக்குக் கர்ப்பம் கலைந்த வருஷமே அவள் புருஷன் இருமிச் செத்தான். "நீ போட்ட உப்புதான்டி கொன்னுச்சு" என்று மாமியார் வீட்டார் துரத்தினார்கள். அவளும் அதை நம்பி, கொலைகாரி மாதிரித் தலைகுனிந்து வெளியேறினாள். பிறகு அவளுக்கே வாயில் ரத்தம் வந்தது. கிருமி, உன் புருஷனிடமிருந்து வந்தது, மாத்திரையில் போய்விடும் என்றாள் ஒரு நர்ஸ்.

"நான் அழலடி. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த நர்ஸையே அறைஞ்சிருப்பேன்" என்பாள் என்னிடம். "ஒரு டப்பா சளி. கொண்டுபோய்க் குடுத்திருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு இருப்பான்."

அப்படிப்பட்டவள்தான் பிறகு உப்பைப் பற்றி வேறு ஒரு வார்த்தை சொன்னாள்.

மசாவுக்கோ மினிபஸ் நிலையத்தில் ஆள் கூப்பிடுகிறவன். "லிம்பே! லிம்பே!" என்று அவன் கத்தினால் லிம்பேக்குப் போக நினைக்காதவனும் ஏறிவிடுவான். தொண்டைதான் அவன் பிழைப்பு. மழைக்காலத்தில் அவன் பெண்டாட்டி தியாஞ்சானேவுக்குக் கர்ப்பம் கலைந்தது. மழை விட்டதும் இவன் இருமத் தொடங்கினான். அவன் அக்கா டோரிக்கா வந்து தியாஞ்சானேவைக் குடைந்து குடைந்து கேட்டதில், அந்தப் பெண் ஒத்துக்கொண்டது. ஒருநாள் புருஷன் பசியோடு வந்து நின்றான், அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை, தானே ஒரு கிள்ளு உப்புப் போட்டாளாம். அவ்வளவுதான்.

எனெலேசி இருவர் சளியையும் எடுத்துப் போனாள். அவனுக்கு டி.பி. அவளுக்கு இல்லை. "இப்போ இல்ல. இருமல் வந்தா அன்னிக்கே என்கிட்ட ஓடி வரணும், தெரிஞ்சுதா?" என்றாள் தியாஞ்சானேவிடம். "சரிம்மா" என்றது பெண்.

காலையில் பஸ் நிலையம் போகிறவழியில் மசாவுக்கோ எனெலேசி வீட்டில் கஞ்சி குடித்து, அவள் கண்முன்னால் மாத்திரை விழுங்குவான். இருமல் அடங்கியது. கன்னம் உப்பியது. குரல் திரும்பியது. அத்தோடு வரவும் நின்றது.

அவள் தேடிப் போனாள். கரிமூட்டை இறக்க நானும் கூடப் போயிருந்தேன். டோரிக்கா வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாட்டு வைத்தியர் வேர் குடுத்திருக்காரு. மாத்திரைய நிறுத்தணுமாம், தியாஞ்சானேவ அம்மா வீட்டுக்கு அனுப்பணுமாம். உங்க கஞ்சிக்கு நன்றிம்மா."

"கிருமிடி அது, கிருமி! உப்புல இருமல் வரும்னா இந்த ஊர்ல ஒரு ஆம்பள மிஞ்சியிருப்பானா?"

"அப்போ உங்க வீட்டுக்காரரும் கிருமியிலதான் போனாரா? அவரு வீட்டுல வேற மாதிரில்ல பேசிக்கிறாங்க!"

எனெலேசியின் முகம் சுண்டிப்போனது. எனக்கு டோரிக்காவின் வாயில் ஒரு கரித்துண்டைத் திணிக்கவேண்டும் போலிருந்தது.

மசாவுக்கோ உள்ளேயிருந்து வந்தான். "அம்மா, ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க, எனக்குப் பயமா இருக்கு. இருமல்தான் நின்னுபோச்சே. விட்டுடறேனே."

பாதியில் விட்டவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அடுத்த தடவை அந்த மாத்திரை கேட்காது. நோய் ஆளைக் குழியில் இறக்கித்தான் ஓயும். மசாவுக்கோவின் முன்னால் போய் நின்றாள். பிறகு சொன்னாள்.

"சரி. உப்புதான். நானே சொல்றேன், உப்புலதான் வந்துச்சு. ஆனா உப்புல வந்த இருமலுக்கும் இந்த மாத்திரைதான் மருந்து. வேரையும் குடி, இதையும் முழுங்கு. தியாஞ்சானே இனிமே உப்பத் தொடவேண்டாம், டோரிக்கா போடட்டும். இப்போ சம்மதமா?"

டோரிக்காவுக்கு வாயெல்லாம் பல். அடுப்பருகில் இருந்த தியாஞ்சானே நிமிர்ந்து எனெலேசியைப் பார்த்தாள். நானும் அதைப் பார்த்தேன்.

திரும்பும்போது கேட்டேன். "என்னக்கா இப்படிச் சொல்லிட்டே?"

"மாத்திரை உள்ள போகணும்டி. எந்தப் பேரைச் சொல்லிப் போனா என்ன?"

போயிற்று. ஒரு வேளைகூடத் தப்பாமல் முடித்தான். கடைசிச் சோதனையில் சளி சுத்தம். அன்று எனெலேசி கோழி அடித்து எனக்கும் போட்டாள். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

ஆனால் டோரிக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்: "கிளினிக் அம்மாவே சொல்லிட்டாங்க, உப்புதான்னு." அதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? தியாஞ்சானே அந்த வீட்டில் தனித்தட்டில் சாப்பிட்டாள். தண்ணீர்க் குழாயில் பெண்கள் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். எனெலேசி வாசலில் நின்று இருமல் உண்டா என்று கேட்கும்போதெல்லாம் தியாஞ்சானே, "ஒண்ணுமில்லம்மா, தூசி" என்று இடுப்புத் துணியை வாயில் வைத்துக்கொள்வாள். ஒருநாள் போனபோது ஆளே இல்லை. பங்வேயில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

கேட்ட கையோடு எனெலேசி பங்வேக்குக் கிளம்பினாள், நானும் போனேன். பாயில் எலும்புதான் கிடந்தது.

"சளியக் குடு தாயி. டப்பா கொண்டாந்திருக்கேன்."

"எதுக்கும்மா?" என்றாள் தியாஞ்சானே. கோபமே இல்லை அந்தக் குரலில். "நீங்கதானே சொன்னீங்க, உப்புன்னு. அவர விட்டுட்டு என்னைப் பிடிச்சிருக்கு. அதுதானே நியாயம்?"

"பொய்டி! அவன் மாத்திரை முழுங்கணும்னு சொன்ன பொய்!"

"எனக்காகப் பொய் சொல்லாதீங்கம்மா" என்றாள். அப்படியே நம்பினாள். அன்று வாசலில் சொன்ன பொய்யை உண்மை என்று எடுத்துக்கொண்டவள், உண்மையைச் சொன்னபோது பொய் என்று தள்ளிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மாத்திரை வேலை செய்யும்வரை உடம்பு காத்திருக்கவில்லை.

சாவு வீட்டில் வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தான் மசாவுக்கோ. அழுது அழுதும் அவன் குரல் கணீரென்றுதான் இருந்தது. பின்கட்டில் பெரிய பானைகளில் ன்சீமாக் களியும் பீன்ஸ் குழம்பும் வெந்தன. குழம்பு கொதித்ததும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்: யார் உப்புப் போடுவது? டோரிக்காதான் உப்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்து எனெலேசியிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்கம்மா. வயசும் ஆச்சு, இதெல்லாம் தெரிஞ்சவங்க."

எனெலேசி கையில் உப்பை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள். "எல்லாரும் கேளுங்க. இந்தப் பொண்ணு எந்தத் தப்பும் செய்யல. உப்பால யாரும் சாகறதில்ல. அவ புருஷன்கிட்ட இருந்த கிருமிதான் இவளக் கொன்னுச்சு. நான் பொய் சொன்னேன். நான் சொன்ன பொய்யாலதான் இவ என்கிட்ட வரல."

யாரோ ஒருத்தி எழுந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "அழுதுடுங்கம்மா, பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டீங்க, துக்கம் இப்படித்தான் பேச வைக்கும்."

"துக்கம் இல்லடி, நெஜம்!"

"சரிம்மா, சரி" என்றாள் டோரிக்கா. "முதல்ல உப்பப் போடுங்க. எல்லாரும் பசியோட இருக்காங்க."

எனெலேசி என்னைப் பார்த்தாள். நான் பானையடியில் கரியைத் தள்ளிவிட்டேன். அவள் குனிந்து உப்பைப் போட்டாள்.