கார் போகாத பாதையில் அண்ணியும் நானும்

போன ஞாயிற்றுக்கிழமை, ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்க முடியாமல் எங்கள் குடும்பமே மொட்டை வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

சிரிக்காதீர்கள். காரை ஏற்றினால் பழம் சட்டென்று நசுங்கிவிடும். லாரி என்றால் கேட்கவே வேண்டாம். சைக்கிளை ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் சரளைக்கல் பாதையில்? அதுவும் என்னைப் போல் ஒருத்தி ஓட்டும் சைக்கிளை?

சிராங்கூன் சாலைத் தேக்காவை விட்டு நாங்கள் புக்கிட் தீமா மலையடிவாரத்துக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. “மலையா? சிங்கப்பூரிலா?” என்று தேக்காவில் இருக்கும் என் சிநேகிதிகள் இன்னும் கேலி செய்கிறார்கள். என்ன செய்வது? நம் ஊரில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது இது ஒன்றுதான். கொஞ்சம் பெரிய மனது பண்ணி, மலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு இங்குள்ள ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிளார்க் வேலை. தோட்டத்துக் குவார்ட்டர்சில் வீடு. வீட்டில் நாங்கள் இருவர், ஒன்றரை வயதுக் குமார், பிறகு என் கணவரின் அக்கா. அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல ஆகிருதி. நல்ல குரல். தேக்காவை விட்டு வந்த கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை. ஞாயிறு காலையானால் பஸ் பிடித்து அங்கே போய், இங்கேயே கிடைக்கும் கத்தரிக்காயை அங்கிருந்து வாங்கி வருவார்.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு சரளைப் பாதை தொடங்குகிறது. ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி, மறுகோடியில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போய் முடிகிறது. பாதையின் முகப்பில் குறுக்கே ஒரு கட்டை. கார் போகாது, லாரி போகாது. நடக்கலாம், அல்லது சைக்கிளில் போகலாம். விடிகாலையில் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகும் சீனப் பெண்கள், பின்னால் வாளிகளைக் கட்டிக்கொண்டு கரகரவென்று கல்லை அரைத்தபடி போவார்கள். பேசிக்கொண்டே போவார்கள். ஒருத்தி கூட விழுந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சர் தேவைப்பட்டது. எனக்கோ ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு குமார். ஒரு நாள் கூட வகுப்பில் நின்றதில்லை. போய்க் கேட்டேன். தலைமையாசிரியர் என் படிப்பைப் பற்றி அதிகம் கேட்கவில்லை.

“நடந்து வந்த டீச்சருங்க எல்லாம் மழைக்காலத்தோட நின்னுட்டாங்கம்மா. சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது சார். பழகிக்கிறேன்.”

“அப்ப திங்கக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. டவுன்லேருந்து ஒருத்தர் வர்றேங்கிறார். அவருக்கு ஓட்டத் தெரியும்.”

எனக்கு அந்த வேலை வேண்டும். ரொம்ப வேண்டும். இப்படிச் சொன்னவுடனே, கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆசைப்படுகிறோமே, நாமும் ஒரு தாயா என்று தோன்றும். அப்படித் தோன்றியவுடனே, படித்த படிப்பை வீணாக்குகிறோமே என்று தோன்றும். ராத்திரி இப்படித் தோன்றினால் காலையில் அப்படி. என் மனசுக்குச் சம்பளம் கொடுத்தால் இரண்டு ஷிப்டுக்கும் கொடுக்க வேண்டும்.

குமாரைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது? அண்ணிதான். ஆனால் அண்ணி என்ன சொன்னார் தெரியுமா?

“உனக்கு எது தோணுதோ அதைச் செய்யம்மா.”

வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியத்தின் பொருள் தெரியும். மறுப்பு என்றால் கூட எதிர்த்துப் பேசலாம். இதை வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

சரி, முதலில் சைக்கிளைப் பழகுவோம் என்று, தோட்டத்தில் வேலையை விட்டுப் போன ஒரு நர்ஸம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளை இவர் வாங்கி வந்தார். சாயங்கால வேளைகளில் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவார். அவர் பிடித்தால் போவேன். விட்டால் இறங்கிவிடுவேன்.

“கார் வராது, லாரி வராது. சிங்கப்பூர்லயே இந்த மாதிரி ரோடு உனக்குக் கிடைக்காது. இதுல என்ன பயம் லா?” என்றார் இவர்.

அதுதானே பயம்! பெரிய ரோட்டில் கார் வந்து இடிக்குமே என்று பயப்படலாம். இங்கே விழுந்தால், தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு கார் கூட வராதே? கார் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம் என்றால், பயம் காரில் இல்லை என்பது எனக்கும் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை, யாரும் பிடிக்காமல் தனியாக ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இவர் சாயங்காலம் வெயில் தாழப் போகலாம் என்றார்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ராகு காலம். போறதுன்னா இப்பவே போங்க” என்றார் அண்ணி. அதனால்தான் மொட்டை வெயில். அது மட்டுமா? தேக்காவிலிருந்து ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார்.

“அக்கா, இது பழைய சைக்கிள்.”

“அவளுக்குப் புதுசுதானே? சக்கரத்துல பழம் வெக்காம வண்டி எடுப்பாங்களா?”

முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு பழம் வைத்தார். நான் சாமியைக் கும்பிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெடலை மிதித்தேன். பழம் நசுங்கவில்லை. கோலிக்குண்டு போல் சரளையிலிருந்து வழுக்கி ஒரு பக்கம் ஓடியது. நானும் சைக்கிளும் மறுபக்கம் போய், இடுப்பளவு வளர்ந்திருந்த லாலான் புல்லில் விழுந்தோம். மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கிவந்து, என்னைத் தாண்டி, பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனது.

“கண்ணு பட்டிருக்கு” என்றார் அண்ணி. “பழம் நசுங்காம நீ ஒரு அடி எடுத்து வெக்கக்கூடாது.”

அடுத்த பழம், கல்லுக்குள் புதைந்துகொண்டது. அதற்கடுத்தது மறுபடியும் ஓடியது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் படித்தவள். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மூன்று பழமும் நசுங்கவில்லையே... போகாதே என்று எதுவோ சொல்கிறதோ? வேலை வேண்டாம் என்று நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாமா?

இவர் குமாரை இடுப்பில் வைத்துக்கொண்டு சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். “வெயிட்டு பத்தலைக்கா. அதான் விஷயம்.”

“உன் பெண்டாட்டி ஒழுங்கா சாப்பிட்டாத்தானே வெயிட்டு இருக்கும்!”

“நீ பின்னால உக்காரு, நசுங்கும்.”

ஒரு கணம் ரப்பர் மரங்கள் கூட அசையவில்லை. தன் ஆகிருதியைப் பற்றி யாராவது வாய் திறந்தால் அண்ணி இரண்டு நாள் பேசமாட்டார். ஆனால் அன்றைக்குச் சகுனமா, கௌரவமா என்று பார்த்தார் போலிருக்கிறது. சகுனம் ஜெயித்தது. இவரை முறைத்துவிட்டு, மெல்ல ஒருக்களித்துக் கேரியரில் உட்கார்ந்தார். சைக்கிள் முனகியது.

“இதோ பாரு சரசு, பழத்து மேல ஏறின உடனே நிறுத்திடணும்.”

“சரிங்க அண்ணி.”

இவர் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் சீட்டு. மிதித்தேன். பழம் ‘பச்சக்’கென்று நசுங்கியது! “நசுங்கிடுச்சு!” என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் கத்தினோம். அந்தச் சந்தோஷத்தில் இவர் குமாரை இடுக்கிக்கொண்டே கையைத் தட்டினார்.

கையைத் தட்ட வேண்டுமானால் சீட்டை விட வேண்டுமே?

பாதை சரிவு. பின்னால் அண்ணி. சைக்கிளுக்கு வேறென்ன வேண்டும்? கிளம்பிவிட்டது.

“நிறுத்துடி!” என்கிறார் அண்ணி. பிரேக் என்று ஒன்று கையருகே இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பிரேக்கைப் பிடிக்க ஹாண்டில்பாரைப் பிடித்த விரலைத் தளர்த்த வேண்டும். எப்படித் தளர்த்துவது? சரளை கடகடவென்று இரண்டு பக்கமும் தெறிக்கிறது. முதல் வளைவு வந்தது, வளைந்தேன். இரண்டாவது வந்தது, அதிலும் வளைந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். என் கவலையெல்லாம் பின்னால் இருந்தது. இவர் குமாரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லில் ஓடி வருகிறார்!

“ஓடாதீங்க! புள்ள! புள்ளையோட விழுந்திடாதீங்க!” என்று கத்தினேன்.

“நீ நிறுத்தினாத்தானே நான் நிறுத்த முடியும்!”

“முன்னால பாருடி!” என்றார் அண்ணி. என் இடுப்பைப் பிடித்திருந்த பிடியில் மூச்சு வரவில்லை.

பாதை முடியும் இடத்தில் புதுச் சரளையைக் கனமாகக் கொட்டி வைத்திருந்தார்கள். சக்கரம் அதில் மெல்ல மெல்ல அமிழ்ந்து, செம்பருத்தி வேலி அருகே தானாக நின்றது. விழவில்லை. காலை ஊன்றினேன். எதிரே, பூவாளியும் கையுமாக, பனியனோடு, பள்ளிக்கூடத்தை ஒட்டியே குடியிருக்கும் தலைமையாசிரியர்.

எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை நாள் யோசித்து யோசித்து நான் செய்த எந்தக் காரியமாவது, யோசிக்க நேரமே இல்லாத இந்தக் காரியம் போல் ஒழுங்காக முடிந்திருக்கிறதா?

“ஓட்டத் தெரியாதுன்னு சொன்னீங்களேம்மா?” என்றார் அவர்.

“ஓட்டத் தெரியுது சார்... நிறுத்தத்தான் தெரியலை.”

அவர் சிரித்தார். அதற்குள் இவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். குமார் ‘இன்னொரு தடவை’ என்பது போல் கையைக் கையை ஆட்டிச் சிரித்தான். குழந்தையைப் பார்த்ததும் தலைமையாசிரியர் முகம் மாறியது.

“இவ்வளவு சின்னப் புள்ளையா? நீங்க இங்க வந்துட்டா யாரும்மா பார்த்துக்குவாங்க?”

இந்தக் கேள்விக்கு நான் விதவிதமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அத்தனைக்கும் அண்ணி சம்மதிக்க வேண்டும். அண்ணியைத் திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. பார்த்தால் கேட்பது போல் ஆகிவிடும். கேட்டால் அந்த வாக்கியம் வந்துவிடும்.

அண்ணி கேரியரிலிருந்து இறங்கினார். கலைந்த கொண்டையை முடிந்தார். புடவைத் தூசியைத் தட்டினார்.

“ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றார். “நாளைக்கு வருவா சார். நீங்க டவுன்காரர்கிட்ட இல்லேன்னு சொல்லிடுங்க.”

வீடு திரும்பும் வழி முழுக்க மேடு. இவர் குமாரைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அண்ணியும் நானும் ஆளுக்கொரு பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில், ரப்பர் மரங்களைப் பார்த்தபடி அண்ணி மெதுவாகக் கேட்டார்:

“ஏன் சரசு... பொம்பளைங்க இதை எந்த வயசு வரைக்கும் பழகலாம்?”

சும்மாதான் கேட்டாராம். நீங்கள் நம்புகிறீர்களா?