பெரிய திரையில் செய்த பொங்கல் ஃப்ளையர்

பேர்லேண்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் போன வருடம் நான் செய்த பொங்கல் விழா ஃப்ளையர் சுமாராகத்தான் வந்தது. பழியை லேப்டாப் மேல் போட்டேன். வடிவமைப்புதான் என் தொழில். உள்ளங்கை அகலத் திரையில் என்னதான் செய்ய முடியும்? இந்த வருடம் மேஜையை அடைக்கிற மானிட்டரும், வரைவதற்கு டிஜிட்டல் பேனாவும் வாங்கினேன். மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து, கரும்பின் கணுவுக்குக்கூட நிழல் கொடுத்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஐந்தாவது நிமிடம் ஓர் ஆன்ட்டி எழுதினார்: “சூப்பரா இருக்கும்மா. பார்க்கிங் எங்கே?” அடுத்து ஓர் அங்கிள்: “லஞ்ச் உண்டா?”

இரண்டுக்கும் பதில் ஃப்ளையரின் அடியிலேயே பொடி எழுத்தில் இருந்தது. என் மானிட்டரில் பளிச்சென்று தெரிந்தது. அவர்கள் பார்த்ததோ போனில். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் காரில்லாமல் எங்கும் போக முடியாத ஊர் இது. எந்த விழா என்றாலும் நானே முதலில் பார்க்கிங்கைத்தான் விசாரிப்பேன்.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கணவர் கேட்டார்: “போன வருஷமும் இதே ரெண்டு கேள்விதானே வந்துச்சு? அப்போ ஸ்க்ரீன் சின்னதுன்னு சொன்னே. இப்போ என்ன சொல்லப்போறே?”