முகமூடி போட்டுப் பார்த்த கடை
தண்ணீருக்குள் போகும் கேமராப் பெட்டிகளுக்கு, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் பொருத்துவது அவள் தொழில். கடலடியில் நண்டுகளைப் படமெடுக்கும் தம்பி, அவள் பொருத்திக் கொடுத்ததை மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கழுத்து ஒடியுது, படத்தோட மூலையும் தெரியல. என்ன வேலக்கா பார்த்திருக்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. கடையில் வெறுங்கண்ணால் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தவனே அவன்தான். கடலில் மூழ்கும்போது போடும் முகமூடியின் கண்ணாடி, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எட்டத் தள்ளிவிடும் என்பதை இருவருமே மறந்திருந்தார்கள்.

கண் எட்ட இருந்தாலும் முழுப்படம் காட்டும், குப்புற நீந்துகிறவன் கழுத்தை வளைக்காமல் பார்க்கும்படி சாய்ந்திருக்கும் வியூஃபைண்டரை மாட்டினாள்.

"முகமூடியப் போட்டுக்கிட்டுக் குப்புறப் படு."

"ரோட்டுல போறவன்லாம் சிரிப்பான்க்கா!"

"சிரிச்சா சிரிக்கட்டும். படுடா!"

படுத்தான். தலையை நிமிர்த்தாமலே வியூஃபைண்டர் வழியாக வாசலைப் பார்த்தான்.

"அக்கா! நாலு மூலையும் பளிச்சுனு இருக்கு. வாசல்ல நின்னு சிரிக்கிறவனோட சொத்தைப் பல்லு வரைக்கும் தெரியுது!"