எல்லாக் கணக்குக்கும் சைபர்

நான் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கத் தயாராகிக்கொண்டிருந்த வருஷம், அம்மா தபால் வழியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்திருந்தாள். எனக்கு எட்டு வயது. ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிளஸ் டூவில் கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த அம்மாவுக்கு, அந்தக் கோடை விடுமுறையிலேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து கையேடு வந்த அன்று எங்கள் வீட்டில் சோறு குழைந்துபோனது. எந்தப் பட்டத்துக்கு என்னென்ன பாடம் என்று பக்கம் பக்கமாக அதில் போட்டிருந்தது. அம்மா கணிதத்தின் பக்கத்தை மட்டும் விரல் வைத்து வாசித்தாள்: நுண்கணிதம், பகுமுறை வடிவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள். பந்தியில் என்னென்ன பலகாரம் என்று எட்டிப் பார்க்கிறவளின் முகம் அவளுக்கு. அப்பா போனில், "கம்ப்யூட்டர் எதாச்சும் எடுக்கலாம்ல" என்று கேட்டுப் பார்த்தார். "கணக்குதாங்க" என்றாள் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சிக்கல் வகுப்புகளால் வந்தது. பாடம் தபாலில் வந்தாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நேரில் உட்கார்ந்து படிக்க வேண்டும். எங்கள் மாதா கோயிலில் பூசை ஏழு மணிக்கு. கீரனூர் போய்ப் புதுக்கோட்டைக்கு மாற, மினிபஸ் ஏழே காலுக்கு. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். அம்மா பஸ்ஸைப் பிடித்தாள், என்னையும் கையில் பிடித்துக்கொண்டு.

பக்கத்து வீடு பெரியம்மாவுடையது. அப்பாவின் அண்ணன் மனைவி. "ஞாயித்துக்கெழம பூசையக் கட் பண்ணிட்டு அப்படி என்னடி கணக்கு?" என்று வேலிக்கு அங்கிட்டு நின்று கேட்பாள். அம்மா சிரித்துவிட்டு நடப்பாள்.

வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பொம்மை வரைவேன். வாத்தியார் பலகை நிறைய எழுதுவார். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவர் ஒரு சைபர் போட்டார். எங்கள் மூன்றாம் வகுப்பில் கணக்குக்குப் பக்கத்தில் சைபர் விழுந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனை பெரியவர்களும் அதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டதுதான் ஆச்சரியம். அம்மா கட்டை விரலால் ஸ்கேலை அழுத்தி அடிக்கோடு வேறு போட்டாள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுபோய் வைத்து மறுபக்கம் சைபர் போடுவதுதான் சமன்பாட்டின் வழக்கம் என்று எனக்குத் தெரியப் பல வருஷங்கள் ஆயின. அன்றைக்கு அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். சைபர் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் அப்பா போனில் வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினார். "அண்ணி ரொம்ப வருத்தப்பட்டாங்க. பிள்ளைக்குப் புதுநன்மை வருது, தாயும் மகளும் கோயில் பக்கமே இல்லேங்குறாங்க. கொஞ்ச நாளைக்குக் கணக்க ஓரமா வையேன்." ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அம்மா "சரிங்க" என்றாள். புத்தகங்களுக்கெல்லாம் பழுப்பு அட்டை போட்டு, டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். வைக்கப்போகிற புத்தகத்துக்கு எதற்கு அட்டை என்று நான் கேட்டபோது அவள் பெட்டியின் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை, புதுநன்மைப் பிள்ளைகள் எங்களுக்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். என் கைவசம் மூன்றே பாவங்கள் இருந்தன. புளியங்காய் திருடியது, பெரியம்மா மகனைக் கடித்தது, ஜெபத்தின்போது தூங்கியது. மூன்றும் முடிந்த பிறகும் வலைத்தடுப்புக்குப் பின்னால் சாமியார் காத்திருப்பதுபோல் தோன்றியது. வீட்டில் மீதியிருந்த பாவத்தையும் சொன்னேன்.

"எங்கம்மா ஞாயித்துக்கெழம பூசைக்கு வர்றதில்ல ஃபாதர். கணக்குப் படிக்கப் போயிருவாங்க."

"ஒன் பாவத்த மட்டும் சொல்லும்மா."

"அதுக்குத்தான் ஃபாதர் ஆண்டவர் அவங்களுக்கு எல்லாக் கணக்குக்கும் சைபர் குடுக்குறாரு."

உள்ளே ஒரு இருமல். பிறகு கேட்டார், "சைபர் வாங்கிட்டு அம்மா அழுவாங்களா?"

"இல்ல ஃபாதர். சிரிச்ச மொகமாத்தான் இருப்பாங்க. இப்பப் படிப்ப விட்டுட்டாங்க. அதுலேருந்துதான் ஒரு மாதிரியா இருக்காங்க."

பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். புளியங்காய்க்கு அது குறைவுதான் என்று எனக்கே பட்டது.

மறுநாள் ஞாயிறு. ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மாவும் நானும் ஏழு மணிப் பூசையில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். வெளியே மினிபஸ் ஹாரன் அடித்துப் போனது. பூசை முடிகிற நேரத்தில் சாமியார் அறிவிப்புகளை வாசித்தார். கடைசியாக, "ஞாயித்துக்கெழம வேலைக்குப் போறவங்க, படிக்கப் போறவங்க இருக்கீங்க. இனிமே சனிக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கும் பூசை உண்டு. அதுல கலந்துக்கிட்டாலே போதும்" என்றார்.

எதற்காகத் திடீரென்று என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், பாவசங்கீர்த்தனத்தில் காதில் விழுந்ததை அவரால் வெளியே சொல்லியிருக்க முடியாது. சனிக்கிழமைப் பூசைக்கு முதல் ஆளாக வரத் தொடங்கியது பெரியம்மாதான். ஞாயிறு காலையில் கறி எடுக்க அதுதான் வசதி என்று சொல்லிக்கொண்டாள். அம்மா மூன்று வருஷப் படிப்பை ஐந்து வருஷத்தில் முடித்தாள். பிறகு பி.எட். இப்போது கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்.

ஆனால் எனக்கு அந்த ஞாயிறுதான் நினைவில் நிற்கிறது. சாமியார் அறிவிப்பை முடித்ததும் அம்மா என் கையைப் பிடித்து இறுக்கினாள். விரல்கள் வலித்தன. நிமிர்ந்து பார்த்தால் அவள் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் இமைக்காமல். ஆடாமல் அசையாமல் இரு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, எல்லோரும் எழுந்து வெளியே போகும்வரை நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி உட்கார்ந்திருந்தேன்.