குடோன் வாசலில் நான் ஏன் ஹாரன் அடிக்கிறேன்

பிள்ளைகளா, திண்டிவனம் ரோட்டில் அந்த நீலத் தகர குடோனைத் தாண்டும்போதெல்லாம் நான் லோடு ஆட்டோ ஹாரனை ஏன் அடிக்கிறேன் என்று ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "எதிர்ல யாருமே இல்லியே நைனா" என்கிறாள் பெரியவள். பழக்கம் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். நிஜக் காரணம் வேறு. பத்தாவது வரை படித்தவன் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

அரிசி மில்லை மூடிய பிறகு பெங்களூரில் ஒரு ஓட்டலில் ஸ்டோர் ரூம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது சின்னவன் என்னைக் கண்டதும் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இது?" என்றான். உங்கம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் பெங்களூர் பஸ் ஏற அப்புறம் கால் வரவில்லை. இனிமேல் என்ன வேலையானாலும் ராத்திரி செஞ்சியில்தான் படுக்கை என்று முடிவு செய்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி ஒன்று இருந்தது. அங்கே கழுத்தில் கார்டு தொங்கவிட்ட தம்பி ஒருவர் என்னை உட்காரச் சொன்னார்.

"குடோன் சூப்பர்வைசர் வேல ஒண்ணு இருக்குதுண்ணா. மில்லுல இருந்திருக்கீங்க, கரெக்டா செட் ஆவும்."

"எந்தக் கம்பெனி தம்பி?"

"அத சொல்லக் கூடாதுண்ணா. சொன்னா நீங்க நேரா போயி சேந்துக்குவீங்க. அப்புறம் எங்களுக்கு இன்னா இருக்குது?"

"சரி, எந்த ஊரு?"

"ஊரச் சொன்னா கம்பெனியக் கண்டுபுடிச்சிருவீங்க. பக்கத்துலதாண்ணா, டென்சன் ஆவாதீங்க."

ஊரும் சொல்லாமல் பேரும் சொல்லாமல் பெண் பார்க்கக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. இன்டர்வியூ சென்னையில், கிண்டியில் என்றார். பக்கத்து ஊர் வேலைக்கு எதுக்குப்பா அவ்வளவு தூரம் என்றேன். ஏஜென்சியின் ஹெட் ஆபீஸ் அங்கேதான் இருக்கிறதாம். படியிறங்கும்போது பின்னாலேயே வந்து ஒரு யோசனையும் சொன்னார்: "எது கேட்டாலும் யெஸ்னு சொல்லுங்கண்ணா. யோசிச்சீங்கன்னா போச்சு."

அமாவாசையன்று வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல நாள் என்று உங்கம்மாவுக்குச் சந்தோஷம். உங்க மாமாவின் கறுப்பு ஷூவைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவர் கால் சின்னது, என் கால் பெரியது. செஞ்சியைத் தாண்டியதும், ஒரு கரும்பு லாரிக்கு வழி விட்டு எங்கள் பஸ் அந்த நீலத் தகர குடோன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு ஆள் சைக்கிளில் வெறுங்கையோடு உள்ளே போனார். டிபன் பாக்ஸ்கூட இல்லை. மத்தியானம் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டு வருவார் போல. கொடுத்து வைத்தவன்யா என்று நினைத்துக்கொண்டேன்.

கிண்டியில் ஏசி போட்ட அறையில் ஒரு மேடம். லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கம்ப்யூட்டர் தெரியுமா?"

"யெஸ் மேடம்." மில்லில் அதன்மேல் இருந்த தவிட்டுத் தூசியைத் தினமும் தட்டியவன்தானே.

"நைட் ஷிஃப்ட் பார்ப்பீங்களா?"

"யெஸ் மேடம்."

"உடம்புக்கு ஏதாவது பிராப்ளம் இருக்கா?"

"யெஸ் மேடம்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பிராப்ளம்?"

காலைப் பார்த்தேன். "ஷூ கடிக்குது மேடம்."

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கும் தெம்பு வந்தது, வேலை கிடைத்த மாதிரிதான் என்று. அடுத்த கேள்வி வந்தது.

"ரீலொகேட் ஆக ரெடியா? அதாவது, வேலைக்காக ஊர் மாறிப் போவீங்களா?"

யெஸ் என்கிற சொல் பல்லு வரைக்கும் வந்துவிட்டது. கூடவே "யாரும்மா இது?" என்கிற குரலும் வந்தது.

"இல்ல மேடம். செஞ்சிய உட்டு எங்கயும் வரமாட்டேன். புள்ளைங்க இருக்குதுங்க."

"இல்ல" என்றதுமே மேடம் கண் லேப்டாப்புக்குப் போய்விட்டது. "ஓகே" என்று ஒரே ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

திரும்பும்போது திண்டிவனத்தில் எனக்குக் கிடைத்தது செஞ்சி வழியாக மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ். அமாவாசைக் கூட்டம். கால் வைக்க இடமில்லை. மஞ்சள் புடவைகளுக்கும் எலுமிச்சை மாலைக்கும் நடுவில், ஷூவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். பின் சீட்டில் ஒருத்தர் உடுக்கை அடித்துக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து ஏஜென்சி ஹெட் ஆபீசிலிருந்து போன், ஒரு பெண் குரல்.

"சார், எல்லாம் ஓகே சார். ஆனா நீங்க செலக்ட் ஆகல. லொகேஷன் பிராப்ளம்."

"எந்த ஊரும்மா அது? இப்பவாவது சொல்லு!"

"இனிமே சொல்லலாம் சார். செஞ்சி."

"இன்னாது?"

"செஞ்சி சார். திண்டிவனம் ரோட்ல ஒரு புளூ கலர் குடோன். நீங்க ரீலொகேட் ஆக மாட்டேன்னு சொல்லிட்டீங்களே."

"என் ஊரே செஞ்சிதாம்மா! ஊட்டு மாடில நின்னா அந்தக் குடோன் தெரியும்!"

நான் போட்ட சத்தத்தில் உடுக்கை நின்றுவிட்டது.

"சாரி சார், சிஸ்டத்துல ஏத்திட்டாங்க. இனி மாத்த முடியாது. ஆறு மாசம் கழிச்சு ட்ரை பண்ணுங்க."

பக்கத்தில் எலுமிச்சை மாலையோடு நின்றிருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. "ஏம்ப்பா, உன் ஊட்டாண்ட இருக்குற வேலைக்கு மெட்ராசு போயி வரமாட்டேன்னு சொல்லிட்டு வர்றியா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் செஞ்சி வந்ததும், "ரீலொகேட்டு எறங்கு" என்று விசில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நேராகவே குடோனுக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனுஷன். மில் அனுபவத்தைக் கேட்டார், மூட்டை அடுக்குவது பற்றிப் பேசினார், டீயும் வரவழைத்தார். கடைசியில், "உங்கள மாதிரி ஆளைத்தான் தேடறோம். ஆனா நேரா எடுக்க எங்களுக்கு பவர் இல்ல. ஏஜென்சி வழியாத்தான் வரணும்" என்றார். எந்த ஏஜென்சி என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடை மாடி என்றார். மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் உங்கம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "மறுபடி பெங்களூரா?" என்று கேட்டாள். அப்போது சிரிக்கவில்லை. ஷூவை வாங்கிப்போக வந்த உங்க மாமாதான் வாசலில் நின்றபடி, "எங்கூட்டு லோடு ஆட்டோ சும்மாதான மாமா நிக்குது, ஓட்டறியா?" என்றார்.

முதல் லோடு அவலூர்பேட்டையில் ஏற்றிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள். திண்டிவனம் கொண்டுபோக வேண்டும். நீங்கள் ரெண்டு பேரும் எழுந்திருக்காத விடியற்காலை. ரோட்டில் ஈ காக்கை இல்லை. குடோன் எதிரில் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். கண்ணாடியைப் பார்த்துச் சட்டைக் காலரை இழுத்துவிட்டேன். மூடியிருந்த கேட்டைப் பார்த்து, "செஞ்சியிலயே இருந்து வேல பாக்க ரெடி. யெஸ் மேடம்" என்று சத்தமாகச் சொன்னேன். ஒரு ஹாரன் அடித்தேன். வாட்ச்மேன் ரூமில் லைட் எரிவதற்குள் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.